எட்டாவது மாடிக் காத்து

என் குரல் எங்கள் சந்துக்குள் போனது. நான் போகவில்லை.

அக்காதான் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை காலை. நந்தனத்தில் ரேடியோ ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் நிகழ்ச்சி அப்போதுதான் முடிந்திருந்தது.

“எங்க கீற?”

“ஆபீஸாண்ட.”

“அப்போ இங்க கத்திக்கினு போறது யாரு?”

போனை வெளியே நீட்டினாள். ஆட்டோ சத்தம். ஒரு நாய் குரைத்தது. அதுக்கு மேலே நான்.

“எட்டாவது மாடி மாமா! காத்து அப்படி வருது. ஃபேனே வேணாம். ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள வராது. கொசு ஏறி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கிடும். லிஃப்டு கீது. பைப்பு கீது. ஜன்னலத் தொறந்தா மொத்த மெட்ராஸும் தெரியுது. போய்ப் பாருங்க மாமா!”

பின்னால் ஒரு கூட்டம் சிரித்தது. கை தட்டியது. அப்புறம் ஒரு பெண் குரல், தேன் மாதிரி: “புதிய வீடு, புதிய வாழ்வு. வியாழக்கிழமை சமுதாயக் கூடத்துக்கு வாருங்கள்.” மறுபடியும் நான். எட்டாவது மாடி மாமா.

“அக்கா, அது ஜோக்கு. பாதிதான் வருது.”

“பாதியோ முழுசோ. உன் வாய்தான?”

வைத்துவிட்டாள்.

டீயைக் கீழே ஊற்றினேன். 

எங்கள் சந்து அடையாற்றின் கரையில் இருக்கிறது. நான் அங்கேதான் பிறந்தேன். இப்போது கே.கே. நகரில் வாடகை ரூம். அக்கா சந்திலேயே இருக்கிறாள். தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வருகிற பெண்களின் பையைச் சோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க நிற்பாள். சாயங்காலம் வந்தால் சந்தில் வீடு வீடாக நிற்பாள். அது சம்பளம் இல்லாத வேலை.

ஆற்றைச் சுத்தம் பண்ணப் போகிறார்களாம். கரையில் இருக்கிற ஜனம் போக வேண்டும். ஊருக்கு வெளியே, ரொம்ப வெளியே, அடுக்குமாடி கட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா எல்லோரையும் ஒரே வார்த்தைக்குக் கொண்டுவந்திருந்தாள். ஊருக்குள்ளே, வேலைக்குப் போய்வர முடிகிற இடத்தில் வீடு கொடுத்தால் போகிறோம். இல்லை என்றால் இல்லை. தனியாக யாரும் தலையாட்டக் கூடாது. வியாழக்கிழமை அதிகாரிகள் கூடத்துக்கு வந்து பதில் கேட்பார்கள். ஒரு வீடு ஆடினால் பக்கத்து வீடு ஆடும். அப்புறம் சந்தே கிடையாது.

அந்த வாரத்தில்தான் அவள் தம்பி ஆட்டோவில் வந்து, காத்து நல்லா வருது மாமா என்கிறான்.

நான் அப்படிச் சொன்னதாக இப்போதும் சிலர் நினைக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. படிப்பு ஏழாவதோடு நின்றது. பேசித்தான் பழக்கம். பேச்சுதான் தொழில்.

முதல் வேலை தி. நகர். ஆடித் தள்ளுபடி. கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏற்றி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். “வாங்க வாங்க, எதை எடுத்தாலும் தள்ளுபடி.” இதையே சொல்லச் சொன்னார் முதலாளி. கொஞ்ச நேரம் சொன்னேன். எனக்கே காது வலித்தது. வாசலில் புருஷன்மார் நின்றார்கள். கை நிறையப் பை. பெண்சாதி உள்ளே. அவர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

“அண்ணே, அக்கா இப்போத்தான் ரெண்டாவது மாடி போயிருக்காங்க. பைய கை மாத்திப் புடி. இன்னும் பொழுது கீது.”

சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உள்ளே போனார்கள். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

அப்புறம் மைக் செட் அண்ணனிடம் போனேன். சாந்தோம் பக்கத்து ஆள். கழுத்தில் சிலுவை. மாதா கோவில் தேருக்கும் அவர் செட்டு, அம்மன் கோவில் கூழுக்கும் அவர் செட்டு, எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர் செட்டு. “எல்லா சாமிக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்தான் நைனா” என்பார். அவர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து தெருத் தெருவாக அறிவிப்பு சொன்னேன். கண் பரிசோதனை முகாம். நாளைக்குத் தண்ணி வராது. காணாமல் போன நாய், வெள்ளைக் கலர், பிஸ்கட் சொன்னால் வரும்.

மயிலாப்பூர் மாங்கொல்லையில் கூட்டம் போடுவார்கள். தலைவர் லேட்டாகத்தான் வருவார். எந்தத் தலைவரும் அப்படித்தான். அதுவரை ஜனம் எழுந்து போகாமல் பிடித்து வைக்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நான். “தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்” என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? அங்கேதான் நான் தொழில் கற்றேன். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஜனம் எழுந்து போகிறதைப் பார்த்துக் கற்றேன்.

ஒரு நாள் இப்படிச் சொன்னேன்.

“தலைவர் வண்டி சைதாப்பேட்டை தாண்டிடுச்சு. தலைவருக்கு எல்லா சிக்னலும் பச்சை. எங்கயும் நிக்கல. வந்துகினே இருக்காரு.”

நிறுத்தினேன். ஒரு வாய் டீ முழுங்குகிற நேரம்.

“அவருக்கு எல்லாம் பச்சை. இன்னும் வரல. உங்களுக்கு எல்லாம் செவப்பு. மத்தியானமே வந்துட்டீங்க.”

மாங்கொல்லை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கட்சிக்காரர் ஒருத்தர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். அண்ணன் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “செட்ட ஒடைச்சுடுவானுங்கடா நைனா, போதும்டா.”

இதுதான் என் வழி. முதலில் ஏற்றுவேன். புகழ்வேன், நம்புகிற மாதிரி. அப்புறம் நிறுத்துவேன். அப்புறம் இறக்குவேன். நிறுத்துகிற அந்த இடம் முக்கியம். அங்கே பேசினால் போச்சு.

அடையாறில் ஒரு காபிக் கடை. மாடியில் சின்ன மேடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படித்த பிள்ளைகள் வந்து இங்கிலீஷில் ஜோக்கு சொல்வார்கள். ஆபீஸ் ஜோக்கு, அப்பா அம்மா ஜோக்கு. எவனோ என் கூட்டப் பேச்சை போனில் எடுத்துப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். லுங்கி கட்டி, கழுத்தில் கர்ச்சீப் போட்டு வர முடியுமா என்றார்கள். பேண்ட் போட்டுப் போனேன். இஸ்திரி போட்டு.

“அடுத்து நம்ம லோக்கல் சரக்கு!” என்று அறிவித்தான் நடத்துகிறவன்.

ஏறினேன். “வணக்கம். இன்னா, எல்லாரும் சௌக்கியமா?”

பெரிய சிரிப்பு.

நான் ஜோக்கு சொல்லவில்லை. சௌக்கியம் கேட்டேன். சௌக்கியம் கேட்டால் சிரிக்கிற ஜனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். சிரிப்பு அடங்கியது.

“எங்கம்மா செத்துப்போச்சுன்னு சொன்னாலும் இப்படித்தான் சிரிப்பீங்களா? சொல்றதுக்குச் சிரிங்க. சொல்ற வாய்க்குச் சிரிக்காதீங்க.”

பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் கை தட்டியது. காலேஜ் படிக்கிற பெண். இறங்கி வந்ததும் என்னிடம் வந்தது. லண்டனில் ஒரு காலத்தில் இப்படி ஒரு கூட்டம் கிளம்பியதாம். கறுப்பாக இருக்கிறவனை வைத்து, மாமியாரை வைத்து, பிழைக்க வந்தவனை வைத்து ஜோக்கு சொல்ல மாட்டோம், மேலே இருக்கிறவனை வைத்துத்தான் சொல்வோம் என்று நின்றார்களாம். அதில் சிலர் பிறகு ரேடியோவிலும் பேசினார்களாம். மாற்று நகைச்சுவை என்று அதுக்குப் பேராம்.

“நீங்களும் அதான் பண்றீங்க அண்ணா.”

“எனக்கு லண்டன் தெரியாதும்மா. எங்க சந்துல எல்லாருமே கறுப்பு. அத்த வச்சு ஜோக்கு சொன்னா வெளக்கமாறு பறக்கும்.”

சிரித்தது அந்தப் பெண். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஒரு டிவியில் கூப்பிட்டார்கள். பேப்பரைக் கொடுத்தார்கள். கறுப்புப் பெண் வருவாள், லைட்டைப் போடு என்று நான் சொல்ல வேண்டும். குண்டுப் பெண் வருவாள், தரை ஆடுது என்று சொல்ல வேண்டும். ஆண் ஒருத்தன் புடவை கட்டி வருவான், அவனை உதைக்க வேண்டும். ஆற்றங்கரைக்காரன் வேஷம் எனக்கு. திருட வேண்டும். “இதுல ஜோக்கு எங்க சார்?” என்று கேட்டேன். ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதுக்குப் பிறகு ரேடியோ. காலை நிகழ்ச்சி. ரேடியோவில் மேடம் ஒருத்தர், நிகழ்ச்சிகளுக்கு அவர்தான் தலைவர். அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒருத்தர் உடம்பை வைத்துப் பேச மாட்டேன். அப்புறம், முன்பே பதிவு பண்ணி டப்பாவில் அடைத்த சிரிப்பை என் பேச்சுக்குப் பின்னால் போடக் கூடாது. ஜனம் சிரித்தால் சிரிக்கட்டும். “ஓகே, ஓகே” என்றார். மேடம் நல்லவர்தான். என் பிறந்தநாளுக்கு ஆபீஸில் கேக் வெட்டினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சந்திலிருந்து முன்பே போன ஒரு குடும்பத்தைப் பார்க்க அந்த அடுக்குமாடிக்கு ஒரு நாள் போனேன். திரும்பி வந்து ரேடியோவில் அதைச் சொன்னேன். முழுசும் சொன்னேன். ஏற்றினேன், நிறுத்தினேன், இறக்கினேன். நிறையப் பேர் போன் செய்து பேசினார்கள். அந்த அடுக்குமாடியிலிருந்தே ஒரு அம்மா பேசியது. சிரித்துக்கொண்டே அழுதது.

அந்த ஜோக்கில்தான் கத்தரி வைத்தார்கள். நான் மூச்சு விட்ட இடத்தில்.

அக்கா போனை வைத்ததும் மாடி ஏறினேன். மேடம் லேப்டாப்பில் இருந்தார்.

“மேடம், என் ஜோக்கு ஆட்டோல ஓடுது.”

“கேட்டீங்களா! சூப்பரா வந்திருக்குல்ல? அந்த விளம்பரக் கம்பெனி நம்ம கிளையண்ட். உங்க கிளிப்தான் வேணும்னு கேட்டு வாங்கினாங்க.”

“மீதிய வெட்டிட்டாங்க.”

“சின்ன ஸ்பாட்தானே. எடிட் பண்ணித்தான் ஆகணும்.”

“மீதிலதான் விஷயமே கீது.”

“ஒரு வார்த்தைகூட மாத்தலையே? நீங்க சொன்னதுதானே? உங்க வாய்ஸ்தானே?”

அக்காவும் அதைத்தான் கேட்டாள். ஆனால் அக்கா கேட்டது வேறு. இவர் கேட்டது வேறு.

“நாளைக்கு ஷோல மீதியப் போட்டுடறேன்.”

“வேண்டாம், வேண்டாம். பாலிடிக்ஸ் ஆயிடும். நீங்க காமெடி மட்டும் பண்ணுங்க.”

“சிரிப்பு போட மாட்டேன்னு சொன்னீங்க.”

“அது ஷோவுக்கு. இது விளம்பரம்.”

மேடையில் எனக்குப் பதில் உடனே வரும். அங்கே வரவில்லை. படி இறங்கும்போது வந்தது. ‘உன்னக் கட்டிக்கிறேன்னு எப்பவும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருத்தன் சொல்கிறான். பாதியில் வெட்டினால் கல்யாணம். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. திரும்ப ஏறிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார். சூப்பர், இதையும் ஷோவில் சொல்லுங்க என்பார். ஏறவில்லை.

சந்துக்குப் போனேன்.

சந்து முனையிலேயே மீன்பாடி வண்டி ஓட்டுகிற மாமா தன் மூணு சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர் மாதிரிதான். வண்டியை விட்டு இறங்கவில்லை.

“வாடா எட்டாவது மாடி. காத்து எப்டி கீது?”

“மாமா, அது...”

அவர் பெண்சாதி உள்ளேயிருந்து கத்தியது. “சொம்மா உடுய்யா. ரேடியோக்காரரு வந்துகிறாரு. மூச்சு வாங்குதாம் பாரு. கொசு மாரி ஏறி எறங்கினாரு போல. தண்ணி குடு.”

நாலு பேர் சிரித்தார்கள். என் ஜோக்கை எடுத்து என்னையே அடித்தார்கள். அடி சரியாகத்தான் விழுந்தது. தொழில்காரன் நான், எனக்குத் தெரியும்.

சிரிக்காதவர்கள்தான் பயமாக இருந்தது. ஒருத்தி, சின்னக் குழந்தை வைத்திருக்கிறவள், மெதுவாகக் கேட்டாள். “நெஜமாவே நல்லாகீதா அண்ணா? நீயே சொல்றன்னா ஏதோ கீதுதான? எங்க வூட்ல அவரு போயிரலாம்ன்றாரு.”

அவளிடம் என்ன சொல்வது? இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆட்டோவில் சத்தமாகச் சொன்னவன் இப்போது மெதுவாக இல்லை என்கிறான். எதை நம்புவாள்?

அடிபம்பில் குடங்கள் வரிசையாக இருந்தன. அக்காவின் பச்சைக் குடம் வரிசையில் இல்லை. தனியாக, சுவரோரம் இருந்தது. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அக்கா அதைத் திரும்ப வரிசையில் வைக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை.

எங்கள் சந்தில் ஒருத்தரை ஒதுக்க வேண்டும் என்றால் பேச்சை நிறுத்த மாட்டார்கள். குடத்தை நகர்த்துவார்கள்.

அப்போது ஆட்டோ திரும்ப வந்தது. என் குரல் முதலில், வண்டி பின்னால். பார்த்தால் மைக் செட் அண்ணன் வண்டி. அவரே ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார். முகம் எல்லாம் பல்.

“கேட்டியாடா நைனா! எப்டி! நம்ம பையன் குரலுன்னு ரெண்டு பாக்ஸ் எக்ஸ்ட்ரா கட்டிகிறேன் பாரு. கம்பெனிக்காரன் ரெண்டு ரவுண்டு போடச் சொன்னான். நான் நாலு போட்டேன். சந்து சந்தா இட்டுகினு போனேன். என் பின்சீட்டுல உக்காந்து கத்தினவன், இன்னிக்கு பாரு!”

அவருக்குக் காலையில் ரேடியோ கேட்கிற வழக்கம் இல்லை. திருவிழா முடித்து விடியத்தான் படுப்பார். ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்து ஒரு காதும் போய்விட்டது. என் ஜோக்கை அவர் முழுசாகக் கேட்டதே இல்லை. அவருக்கு வந்தது பென் டிரைவில் வந்த பாதிதான். அதைப் பெருமையோடு போட்டிருக்கிறார். என் மேல் இருக்கிற பாசத்தில் எங்கள் சந்தை நாலு தடவை சுற்றியிருக்கிறார்.

“அண்ணே, இதுக்கு மீதி கீது.”

“இன்னா மீதி?”

நல்ல காது பக்கம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு ஆட்டோவின் படியில் உட்கார்ந்தார்.

“அப்போ நான் நாலு ரவுண்டு இன்னாத்தடா போட்டேன்?”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஏசி ரூமில் உட்கார்ந்து வெட்டியவன் யாரென்று தெரியாது. அவன் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. கையில் கிடைப்பது இவர் மாதிரி ஆள்தான். எப்போதும் நம்ம ஆளைத்தான் நம்ம முன்னால் நிறுத்துகிறார்கள். என் குரல், அண்ணன் வண்டி, அக்கா வாசல். வெட்டியவர்கள் ஒருத்தர்கூட சந்துக்குள் கால் வைக்கவில்லை.

அக்கா வந்தாள்.

“மீதி மீதின்ற. எங்க வச்சுகீற அத்த? ரேடியோலயா? இங்க எவன் ரேடியோ கேக்கறான்?”

“நாளைக்கு நான் வீடு வீடா வந்து சொல்றேன்க்கா.”

“வாணாம். அது கெஞ்சுற மாரி இருக்கும். ஆட்டோல வந்தது, ஆட்டோலயே வரணும். அதே சத்தத்துல.”

அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்தார். “நாளைக்கும் வண்டி எனுக்குத்தான் சொல்லிகிறானுங்க” என்றார்.

போனால் ரேடியோ போய்விடும். தெரியும். ஆட்டோ பின்சீட்டிலிருந்து அந்த ரேடியோ வரை வருவதற்குப் பல வருஷம் ஆனது. யோசித்தேன். ரொம்ப நேரம் இல்லை.

புதன்கிழமை காலை, என் நிகழ்ச்சி நேரத்தில், நான் ஆட்டோவின் பின்சீட்டில் இருந்தேன். பழைய இடம். மைக்கின் வயரைக் காலில் சுற்றிக்கொண்டேன், முன்பு மாதிரி. விளம்பரக் கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் பின்னால் வந்தான். நான் அறிவிப்புக்கு வந்த ஆள் என்று நினைத்தான். சந்துக்குள் நுழைந்ததும் அண்ணன் பென் டிரைவை ஓட விட்டார்.

எட்டாவது மாடி மாமா. காத்து அப்படி வருது.

கதவுகள் திறந்தன. ஒருத்தி வாளித் தண்ணீரை ஆட்டோ முன்னால் ஊற்றினாள். மேலே படவில்லை. படும்படி ஊற்றியிருந்தாலும் தப்பில்லை. மீன்பாடி மாமா எழுந்து நின்றார்.

ஜன்னலத் தொறந்தா மொத்த மெட்ராஸும் தெரியுது. போய்ப் பாருங்க மாமா!

டப்பாச் சிரிப்பு ஆரம்பிக்கும் முன்னால் அண்ணன் பென் டிரைவைப் பிடுங்கினார்.

ஸ்பீக்கர் மட்டும் ‘ம்’ என்றது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினேன். ஒரு வாய் டீ. அந்த இடத்தில்தான் வெட்டினார்கள். அதே இடத்திலிருந்து எடுத்தேன்.

“போய்ப் பாத்தேன் மாமா. நானே போய்ப் பாத்தேன். மொத்த மெட்ராஸும் தெரியுது. பாத்துக்கினே இருக்கலாம். வரத்தான் முடியாது. பஸ்ஸு இல்ல.

லிஃப்டு கீது. அதுக்குள்ள ஒருத்தரு சைக்கிள வச்சுப் பூட்டிகிறாரு. லிஃப்டு ஓடுனாத்தான அவரு எடுக்கணும்?

கொசுவுக்கு மூச்சு வாங்குது. சரி. கொடத்தத் தூக்கினு எட்டு மாடி ஏறுற பொம்பளைக்கு?

பைப்பு கீது. வூட்டுக்குள்ளயே கீது. தொறந்தேன். மொதல்லயே சொன்னனே மாமா. காத்து அப்படி வருது!”

யாரும் சிரிக்கவில்லை.

ரேடியோவில் கேட்டுப் போன் செய்தவர்கள் இதுக்கு அப்படிச் சிரித்தார்கள். எங்கள் சந்தில் ஒரு சத்தம் இல்லை. என் தொழிலில் சிரிக்காத கூட்டத்தைப் பார்த்தால் வியர்க்கும். அன்றைக்கு வியர்க்கவில்லை.

சூப்பர்வைசர்தான் கத்தினான். “ஏய், என்னய்யா பண்ற? பென் டிரைவப் போடுய்யா!”

அண்ணன் திரும்பாமலே சொன்னார். “ஆம்ப்ளிஃபயர் சூடாயிடுச்சு சார். ஆறட்டும்.”

மீன்பாடி மாமா ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இத்த ரேடியோல சொன்னியா?”

“சொன்னேன்.”

“மொத்தமும்?”

“மொத்தமும்.”

“அப்போ அவுங்களுக்கு முழுசு. எங்களுக்கு மட்டும் பாதி.”

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சூப்பர்வைசர் பைக்கைத் திருப்பினான். சின்னச் சந்து. திருப்ப கஷ்டப்பட்டான். யாரும் வழி விடவில்லை. வழி மறிக்கவும் இல்லை.

மதியம் மேடம் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. சாயங்காலம் மெசேஜ் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம். கீழே கைகூப்புகிற பொம்மை.

வியாழக்கிழமை கூடம் நிறைந்தது. அதிகாரி ஒருத்தர், கூட இரண்டு பேர். பின்னால் பேனர். அதில் எட்டு மாடிக் கட்டடம், நீல வானம், கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் மாதிரி ஒரு குடும்பம். எங்கள் சந்தில் அந்தக் கலரில் யாரும் கிடையாது.

நான் கதவோரம் நின்றேன். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். முந்தின நாள் நடந்தது அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

“நாங்க சொல்றதை நீங்க நம்ப வேண்டாம். உங்க ஊர்ப் பையன், ரேடியோல வர்றவர், அவரே சொல்லியிருக்காரே. கேட்டிருப்பீங்க. லிஃப்ட் இருக்கு.”

“சைக்கிள் வைக்கத்தான சார்?”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். சின்னக் குழந்தைக்காரி. கூடத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அதிகாரிக்குப் புரியவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

“இல்லம்மா, சைக்கிளுக்குக் கீழே தனியா இடம் இருக்கு. நல்ல காற்றோட்டம். ஜன்னலைத் திறந்தா...”

“பஸ்ஸு வர்றது தெரியுமா சார்?” இது மீன்பாடி மாமா.

“தெரியாதுய்யா, வந்தாத்தான தெரியும்!” இது அவர் பெண்சாதி.

இப்போது கூடமே சிரித்தது. அதிகாரி கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். என் குரலில் என்ன வந்ததோ அதுவே எழுதியிருந்தது போல. அடுத்ததுக்குப் போனார்.

“வீட்டுக்குள்ளேயே பைப் இருக்கு. தண்ணி...”

“காத்து அப்படி வருது!”

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒருத்தர் இல்லை. பத்துப் பதினைந்து வாய். நான் வாயைத் திறக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தில் சிரிக்காத ஜனம் இங்கே வந்து சிரித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தது.

அக்கா எழுந்தாள். சிரிப்பு அடங்குகிற வரை நின்றாள். அடங்கின பிறகும் பேசவில்லை. ஒரு வாய் டீ முழுங்குகிற நேரம் அப்படியே நின்றாள். அவள் மேடை ஏறினவள் இல்லை. எங்கே கற்றாளோ.

“ஊருக்குள்ள குடுங்க. போறோம். இல்லன்னா இல்ல.”

அதிகாரி கூடத்தைப் பார்த்தார். வேறு யாருக்காவது வேறு கருத்து உண்டா என்று கேட்டார். ஒரு தலை ஆடவில்லை. மேலே சொல்கிறோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பேனரைச் சுருட்டும்போது அந்தக் குடும்பம் முதலில் மடங்கியது.

சந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. மறுபடியும் வருவார்கள். வேறு ஆட்டோ, வேறு குரல். அது எல்லோருக்கும் தெரியும்.

ரேடியோவில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பாலவாக்கம் பக்கம் நல்ல வீட்டுப் பையனாம். மிமிக்ரி. ‘இன்னா’ என்கிறான், ‘கீது’ என்கிறான். ஒவ்வொரு ‘இன்னா’வுக்கும் டப்பாச் சிரிப்பு ஓடுகிறது. ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். எங்கள் வாய் அப்படியே இருந்தது. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர் கேட்டார், “நீங்கதானே?” என்று. “இல்ல” என்றேன். நம்பவில்லை. இப்போதும் சில பேர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, முன்ன மாதிரி இல்லையே, துட்டு வந்ததும் மாறிட்டியே என்கிறார்கள்.

நான் அண்ணன் வண்டிக்கே திரும்பிவிட்டேன். தேர், கூழ், கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மேடை எங்கே கிடைக்கிறதோ அங்கே. என் பேச்சை யாராவது போனில் எடுத்தால், முழுசா எடு, இல்லன்னா எடுக்காத என்கிறேன். சிரிக்கிறார்கள். நான் ஜோக்காகச் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை கூடத்திலிருந்து வெளியே வந்தபோது அடிபம்பைப் பார்த்தேன். பச்சைக் குடம் வரிசையில் இருந்தது. எல்லாத்துக்கும் முன்னால் இல்லை. அதன் இடத்தில்.

மீன்பாடி மாமா வண்டியில் ஏறிக்கொண்டே கத்தினார்.

“டேய் எட்டாவது மாடி! வா, டீ சாப்டலாம்.”

பேர் அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் சந்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.